பெல் கிராண்ட் எத்தனை ஆண்டு வரும்? 600% வரம்பு பற்றி நம் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப் பள்ளியின் பின் வகுப்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா படிவம் (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) நிரப்ப உதவி வருகிறேன். அமெரிக்கத் தமிழர் என்றாலே ஐ.டி. சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் அப்பா, மளிகைக் கடைக் கல்லாவில் நிற்கும் அம்மா, அடைக்கலம் பெற்று வந்த ஈழத்துக் குடும்பம் போன்றவர்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்குவதும் வாங்காததும் பெரும்பாலும் பெல் கிராண்ட் பணத்தைப் பொறுத்தது. எல்லாரும் "எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள். "எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கம்.

பெல் கிராண்ட் என்றால் என்ன? திருப்பிக் கட்ட வேண்டுமா?

வேண்டாம். குடும்ப வருமானம் குறைவாக உள்ள இளநிலை மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் இலவச உதவி இது. 1972-இல் வந்த சட்டத்தில் தொடங்கியது. இதற்காகப் பாடுபட்ட ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரை 1980-இல் சூட்டினார்கள். 2025-26 கல்வியாண்டில் உச்சத் தொகை 7,395 டாலர், குறைந்தபட்சம் 740 டாலர்.

வாழ்நாள் வரம்பு எவ்வளவு?

600%. முழுநேரப் படிப்பாக இருந்தால் 12 செமஸ்டர், அதாவது ஆறு கல்வியாண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை எல்.இ.யு. என்பார்கள். வாழ்நாளில் இதுவரை எவ்வளவு பயன்படுத்திவிட்டீர்கள் என்பதைக் காட்டும் எண் அது.

இந்த வரம்பு ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 2008-இல் வந்த சட்டம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு 18 செமஸ்டர் என்று வரம்பு வைத்தது. 2011 டிசம்பரில் நிறைவேறிய செலவினச் சட்டம் அதை 12 ஆகக் குறைத்தது. 2012 ஜூலை 1 முதல் அது எல்லாருக்கும் பொருந்தும் என்றார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்குத் தரவில்லை. 13-ஆவது செமஸ்டருக்குக் காத்திருந்தவர்கள் ஒரே கோடையில் தகுதி இழந்தார்கள். அது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இளம் வயதில் வேலைக்குப் போய், நடுவில் விட்டு விட்டுப் படித்தவர்களையே அது அதிகம் தாக்கியிருக்கும்.

600% என்பது டாலர் கணக்கா, கிரெடிட் (பாட அலகு) கணக்கா?

இரண்டும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பிள்ளை முழுநேரமாக, முழு ஆண்டும் படித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகை நிர்ணயிப்பார்கள். அந்தத் தொகையில் எத்தனை பங்கு வாங்கினீர்களோ அதுதான் கழியும். நிர்ணயித்தது 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபால் செமஸ்டரில் 2,500 வாங்கினால் 50% கழிந்தது. ஸ்பிரிங்கிலும் 2,500 வாங்கினால் அந்த ஆண்டுக்கு 100%. பாதிநேரமாக ஆறு கிரெடிட் மட்டும் எடுத்தால் செமஸ்டருக்கு 25% தான் கழியும். அப்படியே போனால் 24 செமஸ்டர் வரை வரும்.

படிப்பில் தேறினார்களா, கிரெடிட் சேர்ந்ததா, பட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. ஃபெயில் ஆன செமஸ்டரும் 50% தான், டீன்ஸ் லிஸ்டில் வந்த செமஸ்டரும் 50% தான்.

எங்களுக்கு ஆண்டுக்கு 740 டாலர்தான் தருகிறார்கள். அதற்கும் 100% கழிப்பார்களா?

ஆமாம். உங்களுக்கு நிர்ணயித்ததே 740 என்றால், அதை முழுதும் வாங்கியதும் 100% போய்விடும். 7,395 டாலர் வாங்கும் பிள்ளைக்கும் அதே 100% தான். ஆறு ஆண்டும் உச்சத் தொகை வாங்கினால் இன்றைய கணக்கில் 44,370 டாலர் வரும். ஆறு ஆண்டும் 740 வாங்கினால் 4,440 டாலர். இரண்டு பேருக்கும் கணக்கு 600% இல் முடிந்துவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. வருகிற பெல் தொகையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ "இப்போது வேண்டாம்" என்று மாணவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் என்றால் வாங்கிய பணத்தையும் திருப்பித் தரலாம். வாங்காத பங்கு கழியாது.

எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நாலு ஆண்டில் முடித்துவிடுவான் என்று உறுதியாகத் தெரிந்தால் 740 டாலரை வாங்கிக்கொள்ளுங்கள், புத்தகச் செலவுக்காவது ஆகும். ஆனால் அப்பாவுக்குப் பணி ஓய்வு நெருங்குகிறது, அடுத்த ஆண்டு வருமானம் பாதியாகப் போகிறது, படிப்பும் நீளும் போலிருக்கிறது என்றால் யோசியுங்கள். இன்று 740-க்குக் கொடுக்கும் அதே 100% ஐந்தாம் ஆண்டில் 7,000 டாலருக்கு மேல் பெறக்கூடியது. முடிவெடுக்கும் முன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நாலு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷம் தாராளமாகப் போதுமே! எப்படித் தீரும்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாணவியின் கணக்கைச் சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். முதலில் உயிரியல், பிறகு நர்சிங் என்று மாற்றிக்கொண்டாள். மாற்றியதால் வேதியியலும் உடற்கூறியலும் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. இரண்டு ஆண்டில் முடிய வேண்டியது மூன்று ஆண்டாயிற்று, 300%. நடுவில் இரண்டு கோடையிலும் முழுநேர வகுப்பு, தலா 50%. மொத்தம் 400%. பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினாள். அங்கே சில கிரெடிட்களை ஏற்கவில்லை. பாக்கி ஐந்து செமஸ்டர். கையில் இருந்ததோ 200%, அதாவது நாலு செமஸ்டருக்கான பணம்.

கடைசி செமஸ்டருக்குக் கட்டணப் பட்டியல் வந்தபோதுதான் பெல் என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்து என்னிடம் வந்தாள். கணக்கைத் திறந்து பார்த்தோம், 600 என்று நின்றது. தப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ஃபைலைத் திறந்து, முதல் ஆண்டிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மேசையில் அடுக்கினார். தேதிவாரியாக, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அத்தனை கவனமாக இருந்த குடும்பத்துக்கு இந்த ஓர் எண்ணைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. கிட்டத்தட்ட 3,700 டாலர் இடித்தது. கொஞ்சம் கடன், கொஞ்சம் வார இறுதி வேலை என்று சமாளித்து முடித்தாள். எல்லாராலும் அப்படி முடிகிறதில்லை.

அப்படியானால் சம்மர் வகுப்புக்கு பெல் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். 2017-18 முதல் ஓர் ஆண்டில் 150% வரை வாங்க அனுமதி இருக்கிறது. ஃபாலும் ஸ்பிரிங்கும் முழுநேரம் படித்தவருக்கு சம்மரில் கூடுதலாக 50% கிடைக்கும். ஆனால் அது வாழ்நாள் கணக்கிலிருந்துதான் கழிகிறது. பட்டத்துக்குத் தேவையான பாடத்தை முன்கூட்டியே முடிக்க சம்மரைப் பயன்படுத்தினால் லாபம், ஒரு செமஸ்டர் மிச்சமாகும். சும்மா இருக்க வேண்டாமே என்று தேவையற்ற பாடம் எடுத்தால் நஷ்டம்.

12 கிரெடிட் எடுத்தாலும் 15 எடுத்தாலும் பெல் ஒன்றுதானா?

ஒன்றுதான். 12 கிரெடிட் எடுத்தாலே பெல் கணக்கில் முழுநேரம். 15 எடுத்தால் கூடுதலாக ஒரு டாலர்கூட வராது. ஆனால் 120 கிரெடிட் பட்டத்தை 12, 12 ஆக எடுத்தால் 10 செமஸ்டர், 500%. 15, 15 ஆக எடுத்தால் 8 செமஸ்டர், 400%. அதே பணத்துக்கு மூன்று கிரெடிட் அதிகம் படிக்கிறீர்கள்.

வாரம் 25 மணி நேரம் வேலை பார்க்கும் பிள்ளையிடம் "15 எடு" என்று நான் சொல்ல மாட்டேன். தாங்காமல் ஒரு பாடத்தில் தவறினால் எல்லாமே பின்னுக்குப் போகும். முடிகிற பிள்ளைகள் எடுக்கட்டும். 12-க்குக் கீழே போனால் கிரெடிட்டுக்குத் தக்கபடி பணமும் குறையும், கழிவதும் குறையும். 9 எடுத்தால் 75%, 7 எடுத்தால் 58% என்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள்.

செமஸ்டர் நடுவில் நிறுத்திவிட்டால்?

எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செமஸ்டரின் 60% நாட்கள் கடக்கும் முன் எல்லா வகுப்புகளையும் விட்டு வெளியேறினால், படித்த நாட்களுக்கு உரிய பங்கு மட்டும் உங்களுடையது. மீதி அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும், அதில் ஒரு பகுதியை மாணவரே கட்ட நேரிடலாம். திரும்பிப் போன பங்கு வாழ்நாள் கணக்கிலும் குறைந்துவிடும். 60% தாண்டிய பின் வெளியேறினால் அந்த செமஸ்டரின் பணம் முழுதும் உங்களுடையது, முழுதும் கழிந்ததாகவும் ஆகும்.

யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் நோய், இழவு என்று வரும்போது நம் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். அத்தனையிலும் எஃப் விழும், கல்லூரியும் பிறகு நாள் கணக்குப் பார்த்துப் பணம் கேட்கும். ஒரு மின்னஞ்சல் அனுப்பி முறைப்படி விலகுங்கள்.

கோவிட் காலத்தில் படிப்பு அறுந்தவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை இருந்தது. அந்த அவசர நிலையால் முடிக்க முடியாமல்போன செமஸ்டரை வாழ்நாள் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2020-இன் கேர்ஸ் சட்டம் சொன்னது. அப்போது விலகியவர்கள் தங்கள் கணக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நான் படித்த தனியார் கல்லூரியை மூடிவிட்டார்கள். அங்கே போன பெல் திரும்பி வருமா?

வர வாய்ப்புண்டு. கல்லூரி மூடியதால் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களுக்கு அங்கே கழிந்த பங்கைத் திருப்பி வைப்பார்கள். 2023 ஜூலை முதல் இது இன்னும் விரிவானது. கல்லூரி உங்கள் தகுதியைப் பொய்யாகச் சான்றளித்திருந்தாலோ, உங்கள் அடையாளத்தைத் திருடி யாராவது கடன் எடுத்திருந்தாலோ, கல்லூரி ஏமாற்றியதற்காக அரசு உங்கள் கடனைத் தள்ளுபடி செய்திருந்தாலோ, அதற்குரிய பெல் பங்கும் திரும்பும். திரும்புவது தகுதிதான், கையில் பணமாக எதுவும் வராது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகி வந்தவர், மெடிக்கல் அசிஸ்டண்ட் படிப்புக்குச் சேர்ந்த இடம் நடுவிலேயே மூடிவிட்டது. "போனது போகட்டும்" என்று பத்து வருடம் விட்டுவிட்டார். பிறகு கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரும்போது பார்த்தால், அங்கே கழிந்தது அவர் கணக்கில் திரும்பி வைக்கப்பட்டிருந்தது. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. முகவரி மாறினால் மத்திய அரசின் ஸ்டூடண்ட் எய்ட் இணையதளத்தில் மாற்றிவிடுங்கள்.

ஊரில் பி.எஸ்சி. முடித்தேன். இங்கே மறுபடி இளநிலை படித்தால் பெல் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. இளநிலைப் பட்டம் பெற்றவுடன், 600% இல் எவ்வளவு மீதமிருந்தாலும் பெல் நின்றுவிடும். பட்டம் சென்னையில் வாங்கியதா, யாழ்ப்பாணத்தில் வாங்கியதா, இங்கே வாங்கியதா என்று பார்ப்பதில்லை. படிவத்தில் பட்டத்தை மறைக்காதீர்கள், பின்னால் பெரிய சிக்கலாகும். உங்கள் வெளிநாட்டுப் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணையானதல்ல என்பதற்கு மதிப்பீட்டு ஆவணங்களைக் காட்டினால், கல்லூரி அதைப் பரிசீலித்து முடிவு செய்யலாம். முடிவு கல்லூரியுடையது. பாலிடெக்னிக் டிப்ளமோ இளநிலைப் பட்டமல்ல, அதனால் தடையில்லை. இளநிலைக்குப் பின் எடுக்கும், முதுநிலைப் பட்டம் தராத சில ஆசிரியர் சான்றிதழ்ப் படிப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். மகள் இங்கே பிறந்தவள். கேட்கலாமா?

கேட்கலாம். பார்ப்பது மாணவரின் குடியுரிமையைத்தான். குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவர்கள் தகுதியுள்ளவர்கள். பெற்றோருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் படிவம் போடலாம். ஊரில் பிறந்து எச்-4 என்ற சார்பு விசாவில் இருக்கும் பிள்ளைக்கும், எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவருக்கும் மத்திய அரசின் உதவி இல்லை.

600% தீர்ந்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாமா? கல்லூரி மாற்றினால்?

மேல்முறையீடு கிடையாது. இது சட்டம் வைத்த வரம்பு. கல்லூரி அலுவலருக்கு இரக்கம் இருந்தாலும் அதிகாரம் இல்லை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றால் ஆண்டுத் தொகையைக் கூட்டித் தர அவருக்கு வழியுண்டு, இந்த எண்ணை அவரால் தொட முடியாது. எண்ணே தப்பாகப் பதிவாகியிருந்தால் திருத்தச் சொல்லலாம். எந்தக் கல்லூரிக்கு மாறினாலும் கணக்கு மத்திய அரசிடம் இருப்பதால் கூடவே வரும்.

முழுதும் தீராமல் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அந்த மிச்சம் வரை தருவார்கள். 587.5% ஆகியிருந்தால் பாக்கி 12.5%. உச்சத் தொகைக்குத் தகுதியுள்ளவருக்கு அது சுமார் 924 டாலர்.

பிறகு வேறு என்ன வழி?

எஃப்.எஸ்.இ.ஓ.ஜி. என்ற கூடுதல் உதவி ஆண்டுக்கு 100 முதல் 4,000 டாலர் வரை. கல்லூரியிடம் பணம் இருக்கும்வரைதான், பெல் பெறுபவர்களுக்கு முன்னுரிமை. படித்துக்கொண்டே சம்பாதிக்கும் வொர்க் ஸ்டடி வேலை உண்டு. மாநில உதவிகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கும் தனி வரம்பு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கால் கிராண்ட் வழக்கமாக நாலு ஆண்டு முழுநேரப் படிப்புக்கு. நியூயார்க்கின் டாப் உதவி வழக்கமாக எட்டு செமஸ்டர். பெல் ஆறு ஆண்டு வருவதால் இவையும் ஆறு ஆண்டு வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கடன். பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் மத்திய அரசிடம் மொத்தம் 31,000 டாலர் வரை வாங்கலாம். அதில் படிக்கும்போது வட்டி ஏறாத சப்ஸிடைஸ்டு வகை 23,000 வரை. சாராத மாணவருக்கு மொத்தம் 57,500. முதல் ஆண்டில் 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, பிறகு 7,500 என்பது சார்ந்த மாணவருக்கான ஆண்டு வரம்பு.

2026-இல் விதிகள் மாறுவதாகச் சொல்கிறார்களே?

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் பல மாற்றங்கள். 600% அப்படியே இருக்கிறது. 8 முதல் 15 வாரம் வரையான குறுகிய தொழிற்பயிற்சிக்கும் பெல் வருகிறது. அதுவும் இதே வாழ்நாள் கணக்கில்தான் கழியும் என்பதால், பட்டம் படிக்க எண்ணம் உள்ளவர்கள் பார்த்து எடுங்கள். கல்லூரியின் மொத்தச் செலவையும் வேறு உதவித்தொகைகளே ஈடுகட்டினால் பெல் கிடையாது.

கடனில்தான் பெரிய மாற்றம். பெற்றோர் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடன் இதுவரை கல்லூரிச் செலவு அளவுக்குக் கிடைத்தது. இனி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர்தான். முதுநிலைக்கு கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு நிறுத்தப்படுகிறது. முதுநிலைப் படிப்புக்கு மொத்தம் 100,000, மருத்துவம் சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு 200,000. மாணவர் தன் பெயரில் வாழ்நாளில் வாங்கும் எல்லாக் கடனும் சேர்ந்து 257,500 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த மொத்த வரம்பில், வாங்கியதை அடைத்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. ஏற்கெனவே கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில காலம் பழைய விதியே தொடர வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை மருத்துவம் படிக்கவைக்க நினைக்கும் குடும்பங்கள் இளநிலையிலேயே கடனைக் குறைத்து வைப்பது நல்லது.

எண் 300 தான். ஆனாலும் பெல்லை நிறுத்திவிட்டார்களே?

அது வேறு விதி. படிப்பில் போதிய முன்னேற்றம் வேண்டும் என்று கல்லூரிகள் பார்க்கின்றன. பெரும்பாலும் 2.0 ஜி.பி.ஏ., எடுத்த கிரெடிட்களில் 67% தேர்ச்சி, பட்டத்துக்கான கிரெடிட்டின் ஒன்றரை மடங்குக்குள் முடிப்பது. 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் வரை எடுத்துப் பார்க்கலாம். இதற்கு மேல்முறையீடு உண்டு. நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களை ஆவணத்தோடு எழுதுங்கள்.

எங்கள் எண்ணை எங்கே பார்ப்பது?

மாணவர் தன் ஸ்டூடண்ட் எய்ட் கணக்கில் உள்ளே போனால், பெற்ற உதவிகளின் பக்கத்தில் பெல் வாழ்நாள் சதவீதம் இருக்கும். ஃபாஃப்சா போட்ட பின் வரும் சுருக்க அறிக்கையிலும் காணலாம். கணக்கு மாணவருடையது. அப்பா அம்மா கடவுச்சொல் வாங்கி உள்ளே போவது விதிப்படி சரியல்ல, பிள்ளையின் அனுமதி இல்லாமல் கல்லூரியும் உங்களிடம் பேசாது. எங்கள் வகுப்பறையில் பிள்ளையையே திறக்கச் சொல்லி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதுகிறோம். பக்கத்திலேயே பட்டத்துக்குப் பாக்கியுள்ள செமஸ்டர் எண்ணிக்கையை 50-ஆல் பெருக்கி எழுதுகிறோம். இரண்டையும் கூட்டி 600-க்கு மேல் போனால், பாடத்திட்ட ஆலோசகரிடம் கொண்டுபோக வேண்டிய தாள் அது. அடுத்த சனிக்கிழமை வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள், அவர்களுடைய போனிலேயே பார்த்துவிடலாம்.